பல்கலைக்கழக இணையதளம்: வந்தவர் வேலை முடிந்ததா?

பல்கலைக்கழக, கல்லூரி இணையதளங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இணையதள உள்ளடக்கத்திலும் வடிவமைப்பிலும் பணிபுரியும் குழுவினர் பதில் தருகிறார்கள். பணி காரணமாகப் பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருடைய பெயரையும் தவிர்த்திருக்கிறோம்.

எங்கள் பல்கலைக்கழகத் தளத்தைப் புதுப்பிக்க ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஒப்பந்த நிறுவனத்தார் வந்ததுமே "என்ன நிறம், முகப்பில் எத்தனை படம் ஓட வேண்டும்" என்று கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– இணையதளப் பொறுப்பிலுள்ள உதவிப் பேராசிரியர்

நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார், எந்த வேலையாக இந்தத் தளத்துக்கு வருகிறார்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதற்கான விடை மூன்று இடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி, எந்தச் சொற்களைத் தேடி மக்கள் உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று கடந்த 16 மாதங்களுக்குக் காட்டும். நவம்பர் தேர்வு, ஏப்ரல் தேர்வு, சேர்க்கை மூன்றுமே அதற்குள் வந்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு மிகவும் உதவும். அடுத்தது, தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டி. அதில் தட்டப்படும் ஒவ்வொரு சொல்லும், மெனுவில் கண்ணுக்குப் படாத ஒன்று. மூன்றாவது தொலைபேசி. விசாரணைக் கவுன்ட்டரிலும் தேர்வுப் பிரிவிலும் ஒரு நோட்டு வைத்து, இரண்டு வாரம் வரும் கேள்விகளை, கேட்டவர் சொன்ன சொற்களிலேயே ஒவ்வொரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.

இணைவுக் கல்லூரிகள் உள்ள பல்கலைக்கழகம் என்றால் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ரிசல்ட், ஹால் டிக்கெட், தேர்வுக் கால அட்டவணை, கட்டணம் கட்டக் கடைசி நாள், சிலபஸ், சான்றிதழ்கள், கல்லூரிப் பட்டியல், ஓர் அலுவலகத்தின் தொலைபேசி எண். இவை அத்தனையும் கைப்பேசியின் முதல் திரையில் விரலுக்கு எட்ட வேண்டும். துணைவேந்தர் செய்தியும் விழாப் படங்களும் அதற்குக் கீழே வரட்டும்.

அடுத்து, இருக்கும் பக்கங்களைக் கணக்கெடுங்கள். ஸ்க்ரீமிங் ஃபிராக் போன்ற கருவியின் இலவசப் பதிப்பே 500 முகவரிகள் வரை தொகுத்துத் தரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தலைப்பு, பொறுப்பான பிரிவு, கடைசியாகத் திருத்திய தேதி, வருகை எண்ணிக்கை, முடிவு என்று ஐந்து பத்திகள் போடுங்கள். முடிவு என்பது நான்கில் ஒன்று: அப்படியே வைப்பது, திருத்தி எழுதுவது, வேறொன்றோடு சேர்ப்பது, நீக்குவது. நீக்கவே மனம் வராது. ஆனால் 2014-இல் நடந்த கருத்தரங்கின் அழைப்பிதழும் இந்த ஆண்டுக் கட்டண விவரமும் தேடலில் அடுத்தடுத்து வந்து நின்றால், இழப்பு கட்டண விவரம் தேடி வந்தவருக்குத்தான்.

மெனுவைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாக அமைப்பைப் பார்த்து வரையாதீர்கள். தேர்வுக் கட்டணம் நிதிப் பிரிவில் இருக்கிறதா, தேர்வாணையர் அலுவலகத்தில் இருக்கிறதா என்பது மாணவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 30, 40 துண்டுச் சீட்டுகளில் பக்கங்களின் பெயர்களை எழுதி, சுமார் 15 பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, அவர்களுக்குச் சரியென்று பட்டபடி குவியல்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். குவியல்களுக்கு அவர்கள் வைக்கும் பெயர்தான் உங்கள் மெனுவின் பெயர். அந்த 15 பேரில் இணைவுக் கல்லூரி அலுவலகப் பணியாளர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும். தளத்தை அதிகமாகப் பயன்படுத்துபவர்கள் அவர்கள்தான், ஆனால் யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

மாதிரி தயாரானதும் ஐந்து பேரை உட்காரவைத்துச் சோதியுங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இன்றும் நல்ல வழிகாட்டி. "மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர் இருக்கிறது. அதற்கு எவ்வளவு கட்ட வேண்டும், என்றைக்குள் கட்ட வேண்டும்?" என்று கேட்டு, அவர்களுடைய சொந்தக் கைப்பேசியில் தேட விடுங்கள். நீங்கள் பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும். விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே திருத்தம் வேண்டும்.

ஒப்பந்தத்தில் மறக்காமல் எழுத வேண்டிய இரண்டு: டொமைன், சர்வர், சர்ச் கன்சோல் எல்லாவற்றின் முதன்மைக் கணக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். பழைய முகவரிகள் ஒவ்வொன்றும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு 301 வகைத் (நிரந்தரத்) திருப்பலாகச் செல்ல வேண்டும், முகப்புக்கு அல்ல. இதைச் சரிபார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். கொடுத்துவிட்டால் இந்த வேலை நடக்காது.

வெளிநாட்டுப் படிப்புக்கு டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்களையும் தொகுத்த சான்று) வாங்க வேண்டும். பல்கலைக்கழகத் தளத்தில் மூன்று சுற்றறிக்கைகள் இருக்கின்றன. மூன்றிலும் கட்டணம் வேறுவேறு. நேரில் போனால்தான் தெரியும் என்கிறார்கள். ஒரு நல்ல சான்றிதழ்ப் பக்கம் எப்படி இருக்க வேண்டும்?
– முன்னாள் மாணவர், ஓசூர்

உங்கள் நிலையில் இருப்பவர் ஒருநாள் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் கொடுத்துத்தான் அந்த ஒரு தகவலைப் பெறுகிறார். குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்தவருக்கு, கேட்டுச் சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறோம். தளங்களை நடத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சுற்றறிக்கை என்பது ஒரு தேதியில் எடுத்த முடிவின் பதிவு. சான்றிதழ்ப் பக்கம் என்பது இன்றைய நடைமுறை. ஒன்றை மற்றொன்றாகப் பயன்படுத்துவதால்தான் மூன்று கட்டணம் வருகிறது. டிரான்ஸ்கிரிப்ட், ஜென்யூன்னஸ் (உண்மைத்தன்மைச் சான்று), புரொவிஷனல், மைக்ரேஷன், டூப்ளிகேட் மார்க் ஷீட் என்று ஒவ்வொரு சான்றுக்கும் ஒரே ஒரு நிலையான பக்கம் இருக்க வேண்டும். கட்டணம் மாறினால் அதே பக்கத்தில், அதே முகவரியில் திருத்த வேண்டும். புதிய சுற்றறிக்கை அதன் அடியில் இணைப்பாகப் போகட்டும். பழையது "இது நடைமுறையில் இல்லை" என்ற குறிப்போடு காப்பகத்துக்குப் போகட்டும்.

எழுத்து நடைக்கு ஓர் எடுத்துக்காட்டு. வழக்கமாக இப்படி எழுதுகிறார்கள்:

"மேற்படி பொருள் தொடர்பாக, தேர்ச்சி பெற்ற மாணாக்கர்கள் தங்களது மதிப்பெண் பட்டியல் நகல்களை நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்துடன் உரிய அலுவலரிடம் குறித்த காலத்திற்குள் சமர்ப்பிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்."

எவ்வளவு, யாரிடம், எப்போதுக்குள் என்ற மூன்றும் இதில் இல்லை. இப்படி எழுதலாம் (எண்கள் மாதிரிக்கு மட்டும்):

"டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பிக்க எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களின் ஸ்கேன் நகல் வேண்டும். ஒரு பிரதிக்குக் கட்டணம் ரூ. 1,000. ஆன்லைனில் மட்டுமே கட்ட முடியும். பணம் கட்டிய நாளிலிருந்து 10 வேலை நாட்களில் தபாலில் வரும். நேரில் வரத் தேவையில்லை."

கடைசி வாக்கியம் அவசியம். அது இல்லையென்றால் பாதிப்பேர் எதற்கும் ஒருமுறை நேரில் வந்துவிடுவார்கள்.

பக்கத்தின் வரிசை இப்படி இருந்தால் தேடுவது எளிது. யார் விண்ணப்பிக்கலாம் என்பது முதலில். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர் கல்லூரியைக் கேட்க வேண்டுமா, பல்கலைக்கழகத்தையா என்ற குழப்பம் இங்கேயே தீர வேண்டும். பிறகு, கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள், கோப்பின் வகை, அளவு. பிறகு கட்டணம், ஆகும் நாட்கள், படிகள், விண்ணப்ப நிலையைப் பார்க்கும் வழி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, மூடி முத்திரையிட்ட உறையிலோ பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து நேரடியாகவோ டிரான்ஸ்கிரிப்டைக் கேட்கும். அந்த இரண்டு வசதியும் உண்டா இல்லையா என்று சொல்லுங்கள்.

பெரும்பாலான தளங்களில் இல்லாத ஒரு பகுதி, விண்ணப்பம் எதனால் திருப்பி அனுப்பப்படுகிறது என்பது. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால். பட்டியலின் பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாதது. வேறு தலைப்பில் பணம் கட்டியது. பிரிவில் வேலை பார்ப்பவரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் இந்தப் பட்டியலைச் சொல்லிவிடுவார். அதை அப்படியே பக்கத்தில் ஏற்றினால் திரும்பி வரும் விண்ணப்பங்களும் தொலைபேசி அழைப்புகளும் அந்த வாரமே குறையத் தொடங்கும்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாமே கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆகத்தான் தளத்தில் ஏறுகிறது. கையெழுத்து இல்லாமல் ஏற்ற முடியாது. இதில் என்ன தவறு?
– பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர்

கையெழுத்து வேண்டும் என்பது நியாயம். ஆனால் ஸ்கேன் செய்த காகிதம் வெறும் படம். அதற்குள் இருக்கும் சொற்களைத் தளத்தின் தேடல் பெட்டி காணாது. கைப்பேசியில் பெரிதாக்கி இடவலமாக இழுத்துப் படிக்க வேண்டும். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்றவருக்கு அது வெற்றுப் பக்கம். 300 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்த நான்கு பக்கம் பல எம்பி ஆகிவிடும்.

வழி இருக்கிறது. அறிவிப்பின் சாரத்தை, அதாவது யாருக்கு, என்ன, எப்போதுக்குள், எவ்வளவு என்பதை, இணையப் பக்கத்திலேயே ஐந்தாறு வரிகளில் தட்டச்சு செய்யுங்கள். கையெழுத்திட்ட பிரதியை அதன் கீழே சான்றாக இணையுங்கள். இணைப்பின் பெயரிலேயே "பிடிஎஃப், 340 கேபி" என்று எழுதினால் டேட்டா குறைவாக உள்ளவர் முடிவு செய்துகொள்வார். மூலக்கோப்பு வேர்டில் இருந்தால், அச்சடித்து ஸ்கேன் செய்யாமல் நேரடியாகப் பிடிஎஃப் ஆகச் சேமித்து மின்கையொப்பம் இடலாம். எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள். நகல் எடுத்து ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்றுவிட்டது. எந்தக் கோப்பையும் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். ஏற்கெனவே குவிந்துள்ள ஸ்கேன் கோப்புகளுக்கு, தமிழையும் படிக்கும் டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி உண்டு. பிழை இருக்கும். தேடிக் கண்டுபிடிக்க அது போதும், மேற்கோள் காட்டப் போதாது. எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. சிலபஸ், ஒழுங்குமுறைகள், கட்டண ஆணைகள் மட்டும் முதலில்.

தமிழ்ப் பக்கம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் தானியங்கி மொழிபெயர்ப்பு வருகிறது, அல்லது முகப்புக்குப் போய்விடுகிறது. நல்ல தமிழ்ப் பக்கத்துக்கு என்ன செய்ய வேண்டும்?
– தமிழ்த்துறை ஆய்வாளர், மதுரை

தளம் முழுவதையும் மொழிபெயர்க்க முயல்வதால்தான் தானியங்கியிடம் போகிறார்கள். பெற்றோரும் முதல் தலைமுறை மாணவர்களும் பார்க்கும் இருபது பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள்: சேர்க்கைத் தகுதி, கட்டணம், விடுதி, உதவித்தொகை, தொலைநிலைக் கல்வி, ராகிங் புகார், தேர்வுக் கட்டணம், சான்றிதழ்கள். இவற்றைத் தமிழிலேயே எழுதுங்கள். மாணவர் தேடும் சொல் "ஹால் டிக்கெட்". "தேர்வு நுழைவுச்சீட்டு" என்று மட்டும் தலைப்பிட்டால் அவர் தேடலில் பக்கம் வராது. முதல் வரியில் இரண்டு சொல்லும் இருக்கட்டும். மொழி மாற்றும் பொத்தான், படித்துக்கொண்டிருக்கும் அதே பக்கத்தின் தமிழ் வடிவத்துக்குச் செல்ல வேண்டும். தமிழ் வடிவம் இல்லாத பக்கத்தில் அந்தப் பொத்தானே வேண்டாம்.

வடிவமைப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே "கீ"யின் சுழியும் கீழே "கூ"வின் காலும் வெட்டுப்படும். எழுத்தளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வையுங்கள். உரையின் எழுத்து 17, 18 பிக்சல் இருந்தால் கண்ணுக்கு இதம். "விண்ணப்பிக்க" என்ற சொல்லே ஆங்கிலச் சொல்லைவிட இரு மடங்கு இடம் கேட்கும் என்பதால் பொத்தான்களுக்கு நிலையான அகலம் கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை கட்டணமில்லாமல் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். பக்கத்தின் நிரலில் மொழி தமிழ் என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயலும்.

அதிகம் பேர் அறியாத ஒரு சிக்கல் தேடலில் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. "கொடைக்கானல்" என்று சரியாகத் தேடியும் கிடைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தரவைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒருங்குறி இயல்பாக்கத்தைச் செய்தால் தீர்ந்தது. ஆசிரியர் பட்டியலையும் முதலெழுத்தை வைத்து வரிசைப்படுத்தாமல் பெயரை வைத்து வரிசைப்படுத்துங்கள். மாணவருக்கு நினைவிருப்பது பெயர்தான்.

நான் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் முனைவர் பட்ட மாணவர். எங்கள் தளத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் இருக்கிறது, ஆனால் கட்டணப் படிவத்தைத் தனியாக நிரப்ப முடிவதில்லை. சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், சென்னை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் வந்த 2017 விதிகள், இணையதளங்களுக்கான தரமாக இந்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகளைக் காட்டின. அந்த நெறிகளின் மூன்றாம் பதிப்பு, உலக அளவிலான இணைய அணுகல்வசதித் தரமான டபிள்யூசிஏஜி 2.1-இன் இரட்டை ஏ (AA) நிலையை அடிப்படையாகக் கொண்டது. பதிவாளருக்கு எழுதும்போது இதைக் குறிப்பிட்டு, எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் படிக்கப்படவில்லை என்பதையும் எழுதுங்கள். பொதுவான புகாரைவிட அது சீக்கிரம் சரியாகும்.

தளக் குழுவினருக்கு: எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் அணுகல்வசதி ஆகாது, உலாவியே அதைச் செய்துவிடும். மவுஸை எடுத்து வைத்துவிட்டு, டேப், என்டர் விசைகளால் மட்டும் ஒரு கட்டணத்தைக் கட்டிப் பாருங்கள். இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறதா? பிறகு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி அதே வேலையைக் கேட்டபடி செய்யுங்கள். அதில் தமிழ்க் குரலும் உண்டு. கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு, கட்டத்தின் பெயர் ஆகிவிடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிரலில் இணைத்த பெயர் வேண்டும். படத்தில் எழுத்து கேட்கும் கேப்ச்சாவை எடுத்துவிட்டு, கைப்பேசிக்கு வரும் ஓடிபியோ, பயனர் கண்ணுக்குத் தெரியாத சரிபார்ப்போ வையுங்கள். அறிவிப்பைப் படமாகப் போட்டால் அதே செய்தி எழுத்திலும் வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5:1-க்குக் குறையக் கூடாது. முகப்பில் ஓடிக்கொண்டே இருக்கும் "புதியது" வரிகள் ஐந்து நொடிக்கு மேல் ஓடினால் நிறுத்தும் வசதி கட்டாயம். அவற்றை ஓடாமல் நிற்கும் பட்டியலாக மாற்றுவதே நல்லது. ஓடும் எழுத்தைத் தொட்டுப் பிடிப்பது பார்வை உள்ளவருக்கும் கஷ்டம்.

கைப்பேசியில் முகப்புப் பக்கம் திறக்கவே நேரமாகிறது. சர்வரை மாற்ற வேண்டுமா?
– கல்லூரி இணையதளப் பொறுப்பாளர், சிவகங்கை

பெரும்பாலும் சர்வர் காரணமாக இருக்காது. கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றிய நான்கைந்து எம்பி படங்கள் ஆறு வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். அகலம் 1,600 பிக்சல், வெப்பி (WebP) வடிவம், 150 முதல் 200 கேபி என்று வரம்பு வையுங்கள். ஓடும் படங்களை நிறுத்தி ஒன்றே ஒன்றை வையுங்கள். மேலே தெரியும் அந்த ஒரு படத்துக்குத் "தாமத ஏற்றம்" (திரைக்கு வரும்போதுதான் படத்தை இறக்குவது) போடாதீர்கள், கீழே உள்ளவற்றுக்கு மட்டும் போடுங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் மொபைல் பிரிவில் சோதியுங்கள். முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதற்கு 200 மில்லிநொடிக்குள் அசைவு இருக்க வேண்டும்.

ரிசல்ட் வரும் நாளில் தளம் முடங்கிவிடுகிறது. ஒவ்வொரு செமஸ்டரும் இதே கதை. ஏன்?
– மாணவி, அருப்புக்கோட்டை

ஒரே நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் கேட்க, ஒவ்வொருவருக்கும் தரவுத்தளத்தில் தேடிப் பக்கம் உருவாக்கப்படுகிறது. பக்கம் வராததால் எல்லோரும் மறுபடி மறுபடி ரெஃப்ரெஷ் செய்ய, சுமை பல மடங்காகிறது. முடிவுகள் வெளியிட்ட பிறகு மாறுவதில்லை. எனவே முந்தைய இரவே ஒவ்வொரு மாணவருக்குமான விடைக்கோப்பை உருவாக்கி வைத்துவிடலாம். பதிவு எண்ணும் பிறந்த தேதியும் பொருந்தினால் கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டுமே சர்வரின் வேலை. ரிசல்ட் தனி சப்டொமைனில் (தளத்தின் துணை முகவரியில்), படமோ மெனுவோ இல்லாத சிறு பக்கமாக இருக்க வேண்டும். அப்போது அது திணறினாலும் மற்ற பக்கங்கள் நிற்கும். பதிவு எண்ணை மட்டும் கேட்டால் போதும் என்று வைக்கக் கூடாது. எண்கள் வரிசையாக இருப்பதால் யாரும் எல்லோருடைய மதிப்பெண்ணையும் எடுத்துவிடலாம்.

துறை துறையாக அரைமணி இடைவெளியில் வெளியிட்டு, அந்த நேரத்தை முந்தைய நாளே அறிவித்தாலும் நெரிசல் குறையும். மறுமதிப்பீட்டுக்கும் விடைத்தாள் நகலுக்கும் கடைசி நாளை ரிசல்ட் பக்கத்திலேயே போட வேண்டும். அந்த நாட்கள் குறைவு. தவறவிட்டால் அடுத்த செமஸ்டர்வரை காத்திருக்க நேரிடும்.

கூகுளில் எங்கள் கல்லூரிப் பெயரைத் தேடினால் கீழே சூதாட்ட விளம்பரப் பக்கங்கள் வருகின்றன. தளத்தைத் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.
– கணினித் துறைத் தலைவர்

தளத்துக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். கூகுளின் ரோபோ வரும்போது மட்டும் வேறு பக்கத்தைக் காட்டும்படி நிரல் வைத்திருப்பார்கள். அதனால்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏசி.இன் (ac.in) முகவரிக்குத் தேடுபொறியில் மதிப்பு அதிகம் என்பதால் கல்வி நிறுவனங்கள் குறிவைக்கப்படுகின்றன. வாசல் பெரும்பாலும் எங்கோ மறந்துபோன கருத்தரங்க சப்டொமைன், புதுப்பிக்காத பிளகின் (செருகுநிரல்), அல்லது நிரல் கோப்புகளையும் ஏற்றவிடும் பதிவேற்றக் கோப்புறை.

தேடுபெட்டியில் "சைட்" (site:) கட்டளையோடு உங்கள் முகவரியைப் போட்டு, எத்தனை பக்கங்கள் நுழைந்திருக்கின்றன என்று பாருங்கள். தெரிந்த பக்கத்தை மட்டும் அழித்தால் மறுநாள் திரும்பி வரும். தளத்தை நிறுத்தி, பதிவுக் கோப்புகளைத் தனியே நகலெடுத்து, சுத்தமான பேக்கப்பிலிருந்து புதிதாக நிறுவி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். பயன்படாத சப்டொமைன்களை இணைய முகவரிப் பதிவேடான டிஎன்எஸ்ஸிலிருந்தே நீக்குங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணைப்படி இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும்.

புதிய தளம் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் பழையபடி ஆகிவிட்டது. துறைகளிடமிருந்து தகவல் வருவதே இல்லை. என்ன செய்வது?
– உள்தர உறுதிக் குழு ஒருங்கிணைப்பாளர்

தளங்கள் கெடுவது வடிவமைப்பால் அல்ல. ஒரு பக்கத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்காததால்தான் பெரும்பாலும் கெடுகின்றன. "துறை அனுப்பும், கணினி மையம் ஏற்றும்" என்ற ஏற்பாட்டில் இடையில் இருக்கும் மின்னஞ்சலே தகவலை விழுங்கிவிடுகிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பதவியைப் பொறுப்பாக்குங்கள். ஆள் மாறினாலும் பதவி மாறாது. பக்கத்தின் அடியில் "கடைசியாகச் சரிபார்த்தது" என்று தேதியையும், பொறுப்பான பிரிவின் எண்ணையும் எல்லோருக்கும் தெரியும்படி போடுங்கள். அந்தத் தேதி வெளியே தெரிகிறது என்பதே பாதி வேலையைச் செய்துவிடும். தளத்தை நடத்தும் மென்பொருள் வேர்ட்பிரஸ், டுரூபல் எதுவானாலும் துறைக்கு ஒருவருக்கு எழுதும் உரிமை, மையத்தில் இருவருக்கு வெளியிடும் உரிமை என்று பிரியுங்கள். எல்லோருக்கும் நிர்வாகி உரிமை கொடுப்பது ஆபத்து. சரிபார்க்கும் காலம் எல்லாப் பக்கங்களுக்கும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. கட்டணம், தேர்வுப் பக்கங்கள் செமஸ்டருக்கு ஒருமுறை, ஆசிரியர் விவரம் ஆண்டுக்கு ஒருமுறை, பல்கலைக்கழக வரலாறு ஐந்தாண்டுக்கு ஒருமுறை போதும்.

சிலபஸில் தனிக் கவனம் வேண்டும். 2021 ஒழுங்குமுறையில் சேர்ந்தவருக்குப் புதிய சிலபஸ் பயன்படாது. அரியர் எழுதுபவருக்கு எப்போதும் பழையதுதான் வேண்டும். எனவே பழையதன் மேல் புதியதை ஏற்றாமல், சேர்ந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் உரிய சிலபஸ் வரும்படி அமையுங்கள்.

கட்டாய வெளியீடுகளையும் இந்த அட்டவணையிலேயே சேருங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(பி) பிரிவின்படியான விவரங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. யுஜிசியின் 2023 மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி, சேர்க்கை தொடங்க 60 நாட்களுக்கு முன்பே கட்டணம், இடங்கள், தகுதி அடங்கிய கையேடு தளத்தில் இருக்க வேண்டும். குறைதீர்ப்புக் குழு, குறைகேள் அலுவலர் விவரங்களும் எளிதில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நாக் தரமதிப்பீடு, என்ஐஆர்எஃப் தரவரிசை ஆகியவற்றின் கோப்புகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்குங்கள். பார்வைக் குழு வரும் மாதத்தில் முகப்பு முழுவதையும் அவை பிடித்துக்கொண்டால், அதே மாதம் ஹால் டிக்கெட் தேடும் மாணவர் வழிதெரியாமல் நிற்பார்.

சாட்பாட் வைத்தால் தொலைபேசி அழைப்புகள் குறையுமா?
– கணினி மையப் பணியாளர், கோவை

பக்கங்களில் மூன்று விதமான கட்டணம் இருந்தால் சாட்பாட்டும் மூன்றில் ஒன்றைத்தான் சொல்லும், அதுவும் உறுதியான குரலில். முதலில் பக்கங்களைச் சரிசெய்யுங்கள். பிறகும் தேவை என்றால், பதில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இணைப்பு காட்டும் ஒன்றை வையுங்கள். தெரியாதபோது தொலைபேசி எண்ணைக் கொடுக்கும்படியும் அதை அமையுங்கள்.

சேர்க்கைக்குத் தேர்வானவர்கள் பட்டியல் என்று ஒரு பிடிஎஃப் கல்லூரித் தளத்தில் இருக்கிறது. அதில் என் மகளின் கைப்பேசி எண், சாதி, ஆதார் எண் எல்லாம் இருக்கின்றன. இது சரியா?
– பெற்றோர், தருமபுரி

சரியல்ல. உடனே கல்லூரி முதல்வருக்கும் பதிவாளருக்கும் கோப்பின் முகவரியோடு எழுதி நீக்கக் கேளுங்கள். பட்டியலில் விண்ணப்ப எண், மதிப்பெண், ஒதுக்கீட்டுப் பிரிவு ஆகியவை போதும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்துவிட்ட பிறகு, இப்படி வெளியிடுவது நிறுவனத்துக்கே சிக்கல்.

நீக்கும் அலுவலகம் கவனிக்க வேண்டியது: எண்களின் மேல் கறுப்புப் பட்டை வைத்து மறைத்தால் போதாது. அதன் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்தால் வந்துவிடும். எக்செல் மூலத்தில் அந்தப் பத்திகளை நீக்கிப் புதிதாகப் பிடிஎஃப் எடுக்க வேண்டும். பக்கத்திலிருந்து இணைப்பை எடுப்பதும் போதாது, கோப்பையே சர்வரிலிருந்து அழிக்க வேண்டும். பிறகு சர்ச் கன்சோலின் நீக்கல் பகுதியில் முகவரியைக் கொடுங்கள். அது சுமார் ஆறு மாதம் தேடலில் மறைத்து வைக்கும். கோப்பு உண்மையிலேயே அழிந்திருந்தால், அதற்குள் கூகுள் தன் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடும்.